முழுசு, பாதி, கால்

என் சகலையிடம் எனக்குப் பிடிக்காத முதல் விஷயம், அவருடைய கம்ப்யூட்டர் பாட்டுப் பாடும்போது திக்காது என்பது. இரண்டாவது விஷயம், அவர் நல்ல மனுஷர். முதலாவதைக்கூட எப்படியோ பொறுத்துக்கொள்ளலாம்.

தொண்ணூறுகளின் கடைசி அது. காந்திபுரத்தில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், லாட்ஜுகளுக்கு நடுவே ஒரு சந்தில் கேசட் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தேன். ஜனங்கள் வேண்டிய பாட்டுகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு வருவார்கள். நான் அவற்றைத் தேடி எடுத்து ஒரே கேசட்டில் வரிசையாகப் பதிந்து கொடுப்பேன். மதியச் சாப்பாடு கொண்டு வரும் என் மனைவி, நான் சாப்பிட்டு முடிக்கும் வரை ஹெட்போனை மாட்டிக்கொண்டு, பதிந்த கேசட்டுகளைக் கேட்டுச் சரிபார்ப்பாள். சத்தம் துளி மங்கினாலும் அவளுக்குத் தெரிந்துவிடும். "ஏனுங்க, ஹெட்டத் தொடைங்க, எழுத்தெல்லாம் மழுங்குது" என்பாள். நாடா உரசும் அந்த ஹெட்டைத் துடைத்தால் சரியாகிவிடும். அவளுடைய காது அப்படிப்பட்டது. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன்.

மாமனார் வீடு சென்னிமலைப் பக்கம். தோட்டமும் உண்டு, பெட்ஷீட் தறிகளும் உண்டு. பதினோரு வருஷம் அந்த வீட்டுக்கு நான் ஒருவன்தான் மாப்பிள்ளை. காதுகுத்து, சீர், புதுவீடு புகுதல் என எந்த விசேஷமானாலும் பாட்டு என் பொறுப்பு. பத்திரிகை அடிக்கக் கொடுப்பதற்கு முன்பே மாமனார், என் கடைக்குப் பக்கத்துக் கடை போனுக்குக் கூப்பிட்டு, "மாப்பிள்ளை, நீங்க கேசட்ட ரெடி பண்ணிப்போடுங்க, மத்ததெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்" என்பார். அவர் சும்மா மரியாதைக்குச் சொன்னாரோ என்னவோ, நான் அதை அப்படியே நம்பினேன். விசேஷ வீட்டுக்குள் நுழையும்போது என் பாட்டு ஒலித்துக்கொண்டிருக்கும். "பெரிய மாப்பிள்ளை போட்டதுங்க" என்று யாராவது யாரிடமாவது சொல்வார்கள். அது என் காதில் விழும் தூரத்தில் நான் நின்றுகொண்டிருப்பேன்.

பிறகு என் கொழுந்தியாளுக்குக் கல்யாணம் ஆயிற்று. சின்ன மாப்பிள்ளை வந்தார்.

அவருக்குக் கோயமுத்தூரிலேயே ஒரு பம்பு மோட்டார் கம்பெனியில் கம்ப்யூட்டர் வேலை. ஒல்லியான ஆள். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர். வாயைத் திறந்தால் "ஏனுங்ணா", "சரிங்ணா", "உங்களுக்குத் தெரியாததுங்களாண்ணா" என்பதுதான். அப்படிப் பேசுகிறவரை எப்படி வெறுப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. ஆனால் தலைப் பொங்கலுக்கு அவர் மாமனார் வீட்டுக்கு ஒரு சிடியைக் கொண்டு வந்தார். கூடவே கம்ப்யூட்டரையும் காரின் பின்சீட்டில் வைத்துக் கொண்டு வந்தார்.

"இந்த ஒரு தட்டுக்குள்ள நூத்தம்பது பாட்டு இருக்குதுங்க மாமா" என்றார்.

மாமனார் சிடியை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஏனுங்க மாப்பிள்ளை, உங்க கேசட்டுல எத்தனை புடிக்கும்?"

"இருவதுங்க."

"இருவது" என்று அவர் திருப்பிச் சொன்னார். கேலியெல்லாம் இல்லை, வெறும் ஆச்சரியம்தான். கேலி செய்திருந்தால் தேவலை.

பாட்டு ஓடியது. ஒரு பாட்டு முடிந்ததும் அடுத்தது தானாக வந்தது. கேசட்டைத் திருப்பிப் போட வேண்டியதில்லை, நாடா சிக்கவில்லை, பின்னணியில் அந்த 'உஸ்' சத்தமும் இல்லை. தபேலாவில் விரல் பட்டு எழுவதுகூடக் கேட்டது. எனக்கு வயிறு பற்றி எரிந்தது. மாமியார் சமையல்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "பக்கத்துல நின்னு பாடறாப்புடியே இருக்குதுங்க சின்ன மாப்பிள்ளை" என்றார். பதினோரு வருஷத்தில் என் கேசட்டைப் பற்றி அவர் அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அன்றைக்கு இலையில் வைத்த பொங்கல் எனக்கு இனிக்கவே இல்லை.

ஊர் திரும்பிய ஒரு மாதத்துக்குள் நானும் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினேன். பழசு. ஏதோ ஆபீஸில் கணக்கெழுதிச் சலித்துப் போனது. சவுண்டு கார்டும் சிடி டிரைவும் போட்டு, கடைக்கு முன்னால் எல்லார் கண்ணிலும் படும்படி வைத்தேன். சகலை கொடுத்த சிடியையே போட்டு, கம்ப்யூட்டரில் பாட்டுப் போடும் பிளேயரை ஓடவிட்டேன். பாட்டு இரண்டு சொல் பாடியது, நின்றது. அரைச் சொல் பாடியது, மறுபடி நின்றது. வாசலில் நின்ற வாடிக்கையாளர் ஒருவர், "விக்கல் எடுக்குதுங்க, தண்ணி குடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் யார் யாரிடமோ கேட்டேன். சிடியைத் துடைத்துப் பார், வயரை மாற்று என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். கடைசி வரை சகலையிடம் மட்டும் கேட்கக் கூடாது என்று இருந்தேன்.

என் மனைவி கேட்டுவிட்டாள். தங்கச்சி வீட்டுக்கு ஒரு போன், அவ்வளவுதான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் ஸ்க்ரூடிரைவரோடு கடைக்கு வந்துவிட்டார்.

ஸ்க்ரூடிரைவருக்கு வேலையே இருக்கவில்லை. பிளேயரில் எங்கோ உள்ளே போய் ஒரு சின்னக் கட்டத்தைத் திறந்தார். அதில் தேர்ந்தெடுக்க மூன்று சின்ன வட்டங்கள் இருந்தன. முழுசு, பாதி, கால். ஆங்கிலத்தில்தான் எழுதியிருந்தது, ஆனால் அவர் எனக்காக அப்படித்தான் படித்துக் காட்டினார்.

"இந்தப் பாட்டுல ஒரு செகண்டுக்கு நாப்பத்தி நாலாயிரத்தி நூறு புள்ளி இருக்குதுங்ணா. உங்க பொட்டி அத்தனையும் எண்ணி முடிக்கறதுக்குள்ள அடுத்த செகண்டு வந்துருது. அதான் திக்குது. பாதிய மட்டும் எண்ணுன்னு சொல்லிப்போட்டா திக்காது. இருவத்திரெண்டாயிரத்தி அம்பது."

"காலுன்னா?"

"அதுலயும் பாதிங்ணா. பதினோராயிரத்திச் சொச்சம். அது ரொம்பப் பழைய பொட்டிக்குங்க. கேக்கறதுக்கு நல்லா இருக்காது." பிறகு ஒன்று சேர்த்துக்கொண்டார். "மாத்துனா ஓடற பாட்டுல புடிக்காதுங்ணா. அடுத்த பாட்டுல இருந்துதான் புடிக்கும்."

பாதியில் வைத்தார். அடுத்த பாட்டு திக்காமல் ஓடியது. ஆனால் பளபளப்பு போய்விட்டது. சலங்கையும் ஜால்ராவும் காணாமல் போயின. பாடுகிறவர் வாய்க்குக் குறுக்கே யாரோ துண்டைப் போட்ட மாதிரி இருந்தது. அவர் போன பிறகு, வேண்டுமென்றே காலில் வைத்து என் மனைவிக்குப் போட்டுக் காட்டினேன். அவர் சொல்லிக் கொடுத்ததை நானும் செய்வேன் என்று காட்டிக்கொள்ளத்தான். அவள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "ஐயோ, கெணத்துக்குள்ள உழுந்தவங்க கூப்படறாப்புடி இருக்குதுங்க. எடுங்க, எடுங்க."

அன்றிலிருந்து என் கடையில் பாட்டு பாதியில்தான் ஓடியது. அவர் வீட்டில் முழுசாக ஓடியது. அவர் வீட்டுப் பக்கம் போகும்போதெல்லாம் அந்த வித்தியாசம் காதில் விழும். நான் ஏதாவது சாக்குச் சொல்லிச் சீக்கிரம் கிளம்பிவிடுவேன்.

இப்படி இருக்கும்போதுதான் மச்சினனுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. பெண் கொடுமுடி. கல்யாணம் சென்னிமலை அடிவாரத்து மண்டபத்தில். நான் கேசட்டுகளுக்கு அட்டையெல்லாம் எழுதி வைத்துவிட்டுப் போனுக்காகக் காத்திருந்தேன். போன் வந்தது.

"மாப்பிள்ளை, இந்தத் தடவை சின்ன மாப்பிள்ளையே கம்ப்யூட்டர்ல போட்டுக்கறேன்னு சொல்றாருங்க. உங்களுக்கு எதுக்கு அலைச்சல். நீங்க நிம்மதியா வந்து முன்னால ஒக்காருங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, என் மனசு நோகக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ, "கேசட்டும் ரெண்டு கொண்டாங்க. பொட்டி நின்னுபோச்சுன்னா ஆகும்" என்றார்.

பொட்டி நின்றுபோனால். அந்த வாக்கியத்தை நான் பஸ்ஸில், குளிக்கும்போது, சீட்டுப் பார்த்துப் பாட்டுத் தேடும்போது என்று எத்தனை தடவை எனக்குள் சொல்லிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

முகூர்த்தத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் இணைச்சீர். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையோடு கூடப்பிறந்த அக்காவோ தங்கச்சியோ இல்லாமல் கல்யாணம் நகராது. என் மனைவிதான் மூத்தவள், ஆகையால் இணைச்சீர்காரி அவள். சீர்ச் சேலை கட்டி, கூறைச்சேலை வைத்த கூடையை ஏந்தித் தம்பி பக்கத்தில் நிற்க வேண்டியவள். அவள் மேடையில் தயாராகிக்கொண்டிருந்தாள். மேடைக்குப் பக்கவாட்டில் ஒரு பெஞ்சின்மேல் கம்ப்யூட்டர். வழியில் அடிபடக் கூடாதென்று மாமனார் வீட்டுப் பெட்ஷீட்டுகளில் சுற்றி வேனில் கொண்டு வந்திருந்தார்கள். அதிலிருந்து ஒரு வயர், மைக்கும் ஸ்பீக்கரும் கட்டியிருந்த ரேடியோ செட்டுக்காரரின் ஆம்பிளிஃபயருக்குப் போனது. மண்டபம் முழுக்கப் பாட்டு. வந்தவர்களில் பாதிப் பேர் கம்ப்யூட்டரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் இரண்டு கேசட்டுகள் மஞ்சள் பையில் என் கையில் இருந்தன.

சீர்த்தட்டு எடுக்க ஆள் போதவில்லை என்று யாரோ சகலையைக் கூப்பிட்டார்கள். அவர் என்னிடம் வந்தார்.

"அண்ணா, சித்த பொட்டியப் பாத்துக்கறீங்களா? கொழந்தைங்க யாராச்சும் கைய வெச்சுருவாங்க. இப்ப வந்தர்றேனுங்ணா."

"போய்ட்டு வாங்க" என்றேன்.

கையை வைத்தது நான்தான். கட்டத்தைத் திறந்து முழுசிலிருந்து காலுக்கு மாற்றி மூட, பத்து விநாடிகூட ஆகவில்லை. ஓடிக்கொண்டிருந்த பாட்டு எப்போதும்போல ஓடியது. அடுத்த பாட்டில்தான் தெரியும். ஏதோ ஒரு சினிமாப் பாட்டு கரகரத்து மங்கும், நாலு பேர் முகம் சுளிப்பார்கள், மாமனார் என் பக்கம் திரும்புவார், நான் மஞ்சள் பையைத் திறப்பேன். இவ்வளவுதான் என் திட்டம். வேறு யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை என்று இப்போது எழுதிப் பார்க்கிறேன். அது உண்மைதான். உண்மையாக இருந்து என்ன பிரயோஜனம்?

அந்தப் பாட்டு முடிவதற்குள் மேளம் தொடங்கிவிட்டது. சகலை ஓடி வந்து பிளேயரை நிறுத்தினார். இணைச்சீர் நடந்தது. என் மனைவி கூடையோடு தம்பி பக்கத்தில் நின்றாள். எல்லாம் முறைப்படி முடிந்து மேளமும் ஓய்ந்தது. அப்போது மாமனார் மைக்கை வாங்கினார். அவருக்கு மைக் பழக்கம் இல்லை, இரண்டு தடவை ஊதிப் பார்த்தார்.

"எல்லாருக்கும் வணக்கமுங்க. எங்கூட்டுல இவங்க சும்மா தறிக்குப் பக்கத்துல ஒக்காந்து முணுமுணுன்னு பாடிட்டே இருப்பாங்க. சபையில பாடச் சொன்னா கூச்சம். இப்ப பையனுக்கும் புள்ளைக்குமுன்னு தானா ஒரு பாட்டுக் கட்டி, சின்ன மாப்பிள்ளை ஊட்டுல கம்ப்யூட்டர்ல பாடிக் குடுத்திருக்கறாங்க. எல்லாரும் கேக்கோணும்."

அப்படியானால் அடுத்த பாட்டு சினிமாப் பாட்டு இல்லை, இதுதான். மாமியார் தூணுக்குப் பின்னால் முக்காடு இழுத்துக்கொண்டு நின்றார். சிரிப்பை அடக்க முடியாமல், கல்யாணப் பெண் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சகலை ஆசையோடு பட்டனை அழுத்தினார்.

ஒரு சத்தம் வந்தது. பெண் குரல் என்று தெரிந்தது, அவ்வளவுதான். சொல் எதுவும் புரியவில்லை. அந்த மண்டபமே எதிரொலிக்கிற மண்டபம். அதில் இந்த மழுங்கிய குரல் சுவரில் முட்டி முட்டித் திரும்பியது. ரேடியோ செட்டுக்காரர் திருகுகளைத் திருகினார், இரைச்சல்தான் கூடியது. பின்வரிசையில் யாரோ, "ஏனுங்க, யாருக்கோ பயங்கரச் சளி புடிச்சிருக்குதாட்ட இருக்குது" என்றார்கள். ஒரு வரிசை சிரித்தது, பிறகு பக்கத்து வரிசையும் சிரித்தது. கூடியிருந்த ஒருவருக்கும் கெட்ட எண்ணமில்லை. கல்யாண வீட்டுச் சிரிப்பு.

சகலை வயரைப் பிடுங்கிச் சொருகினார். பொட்டியைப் பக்கவாட்டில் தட்டினார். அந்தக் கட்டத்தைப் பார்க்க அவருக்குத் தோன்றவே இல்லை, அவர்தான் அதை மாற்றியதே இல்லையே. நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன். "காலில் இருக்கிறது, முழுசுக்கு மாற்றுங்கள்" என்று சொன்னால் போதும். சொன்னால், எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். நான் சொல்லவில்லை. பாட்டு மூன்று நிமிஷம் ஓடியது. மூன்று நிமிஷமும் மஞ்சள் பையைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன். மேடையிலிருந்து என் மனைவி ஒரே ஒரு தடவை கம்ப்யூட்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

மாமியாரின் முக்காடு இன்னும் கீழே இறங்கியிருந்தது. பாட்டு முடிவதற்குள் அவர் சமையல்கட்டுப் பக்கம் போய்விட்டார்.

அதன் பிறகுதான் சகலை அந்தக் கட்டத்தைத் திறந்தார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அவர் கை அசையாமல் நின்றது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். மாமனார் வேர்த்து விறுவிறுத்து அவரிடம் வந்தார்.

"என்னுங்க மாப்பிள்ளை இது?"

"என்ற தப்புத்தானுங்க மாமா. ஊட்டுல சோதிச்சுப் பாக்கறதுக்கு ஒண்ண மாத்திப்போட்டு, திருப்பி வெக்க மறந்துட்டனுங்க. இப்பச் சரியாப்போச்சு. இன்னொருக்காப் போடட்டுங்களா?"

சமையல்கட்டுக்கு யாரோ போய்க் கேட்டு வந்தார்கள். வேண்டாம் என்று மாமியார் சொல்லிவிட்டாராம். ஒருக்காச் சிரிச்சது போதும் என்றாராம்.

மாமனார் என் பக்கம் திரும்பினார். நான் எதிர்பார்த்த அதே திரும்பல். "மாப்பிள்ளை, நீங்களே உங்க கேசட்டப் போடுங்க." போட்டேன். அன்றைக்கு இரவுச் சாப்பாட்டிலிருந்து மறுநாள் மதியப் பந்தி வரை என் பாட்டுத்தான். நாடா ஒரு இடத்தில்கூடச் சிக்கவில்லை. சகலை கம்ப்யூட்டரைத் திரும்பப் பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டிருந்தார். அந்த நேரத்திலும் நான் நினைத்தது என்ன தெரியுமா? பழியை எவ்வளவு அழகாக வாங்கிக்கொண்டார் பார், என்னால் இப்படிச் செய்ய முடிந்திருக்குமா என்றுதான். அதிலும் எனக்குப் பொறாமை.

மறுநாள் கிளம்பும்போது மாமியார் பலகாரப் பொட்டலமும் ஒரு புதுப் பெட்ஷீட்டும் கொண்டு வந்து கொடுத்தார். கண் வீங்கியிருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். "மாப்பிள்ளை, நான் உங்ககிட்டயே பாடிக் குடுத்திருக்கோணுமுங்க. பதினோரு வருசமா நீங்க போட்ட பாட்டு ஒருநாளும் இப்படிக் கெட்டதில்லீங்க. புதுசைக் கண்டு மயங்கிப்போட்டேன்."

என் மனைவி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தாள். நான் என்ன சொல்கிறேன் என்று கேட்கத்தான் நின்றாள்.

"அதுக்கென்னங்க அத்தை, அடுத்த விசேசத்துக்குப் பாத்துக்கலாம்" என்றேன்.

பஸ் பெருந்துறையைத் தாண்டியது. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள். "கெணத்துக்குள்ள இருந்து கூப்படறாப்புடின்னு நாந்தானுங்க சொன்னேன், நம்ம கடையில. அதே சத்தம். எனக்குத் தெரியாதுங்களா?" ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "நானா அம்மாகிட்டச் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லிருங்க" என்றாள்.

ஒரு வாரம் கழித்து சகலை கடைக்கு வந்து ஒரு சிடியைக் கொடுத்தார். மாமியார் பாடிய பாட்டு. "அக்காவுக்குங்ணா" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. என் மனைவி அதை எங்கள் கடைக் கம்ப்யூட்டரில் போடவிடவில்லை. எடுத்துக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து, அரிசி களையும்போது அந்தப் பாட்டை முணுமுணுத்தாள். நான் அந்தப் பக்கம் போனதும் நிறுத்திவிட்டாள்.

மாமியார் அதற்குப் பிறகு எந்த மைக்குக்கு முன்னாலும் பாடவில்லை. ஆனால் அந்தக் கதையை மட்டும் எல்லா விசேஷத்திலும் சொல்வார். "பெரிய மாப்பிள்ளைகிட்டக் குடுத்திருந்தா எம்பாட்டு சபையில கேட்டிருக்குமுங்க" என்பார். நான் இலையைப் பார்த்துக் குனிந்துகொள்வேன். எத்தனையோ தடவை சொல்லிவிட வாயெடுத்திருக்கிறேன். அதற்குள் பக்கத்து இலையிலிருந்து சகலை, "ஆமாங்க அத்தை, அண்ணங்கிட்டத்தான் குடுத்திருக்கோணும்" என்று தலையாட்டிவிடுவார். அந்தத் தலையாட்டலைப் பார்த்து இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.